காலத்துக்கு முன்பே சாகும் கார் பேட்டரிகள்: பெங்களூருவின் குறும்பயணங்களும் நெடுநிறுத்தங்களும்

பெங்களூரு: நான்கு ஆண்டுகளேனும் உழைக்கும் என்று நம்பி வாங்கப்படும் கார் பேட்டரி, இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் 'செல்ஃப் எடுக்கவில்லை' என்ற நிலையை அடைவது இந்நகரில் அடிக்கடி கேட்கப்படும் புகார். விற்ற கடையையோ தயாரித்த நிறுவனத்தையோ குறை கூறுவது எளிது. ஆனால் கார் எங்கே நிற்கிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது என்பவைதாம் பெரும்பாலும் பேட்டரியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

அல்சூர் ஏரிக்கும் இந்திராநகருக்கும் இடையே அமைந்துள்ள ஜோகுபாளையத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இப்பகுதியின் தெருக்கள் குறுகலானவை. வாசலில் நிறுத்திய காரை எடுத்தால் திரும்பி வரும்போது அந்த இடம் கிடைக்காது என்பதற்காகவே நாள்கணக்கில் காரை அசைக்காமல் வைத்திருப்போர் இத்தகைய தெருக்களில் உண்டு. பக்கத்திலேயே மெட்ரோ நிலையம். பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. சாலைக்கும் இடையே 2011 அக்டோபர் 20 அன்று மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு, அலுவலகத்துக்குக் காரில் செல்லும் தேவை பலருக்குக் குறைந்தது. அப்படியே எடுத்தாலும் எம்.ஜி. சாலை வரை சுமார் 3 கிலோமீட்டர், அல்லது சி.எம்.எச். சாலைக் கடைகள் வரை இன்னும் குறைவு. நெடிய நிறுத்தம், குறுகிய பயணம், சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ந்து செல்லுதல் ஆகிய மூன்றும் இங்கே ஒன்றுசேர்கின்றன. காருக்கு இது ஓய்வான வாழ்க்கை, பேட்டரிக்குப் பட்டினி.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டோன் பிளாந்தே 1859இல் ஈய-அமில மின்கலத்தை உருவாக்கினார். திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய முதல் மின்கலம் அதுவே. 1912இல் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டபோது, இரும்புக் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை எழுப்பும் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. காரில் எத்தனையோ மாறிவிட்ட போதிலும், அந்தக் கறுப்புப் பெட்டியின் அடிப்படை வேதியியல் மட்டும் பிளாந்தே காலத்ததே.

பெட்டிக்குள் ஆறு அறைகள் உள்ளன. பேச்சுவழக்கில் 'செல்' எனப்படும் ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆக மொத்தம் 12.6 வோல்ட். நேர்மின் தகட்டில் ஈய டை ஆக்சைடும், எதிர்மின் தகட்டில் பஞ்சு போன்ற தூய ஈயமும், இரண்டுக்கும் இடையே நீர் கலந்த கந்தக அமிலமும் இருக்கின்றன. மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப் போகிறது. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் மின்னேற்றுவதால் சல்பேட் கரைந்து தகடுகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் சில நொடிகளுக்கு 150 முதல் 300 ஆம்பியர் வரை கேட்கும். அவ்வளவு மின்னோட்டத்தை ஒரே மூச்சில் கொடுப்பதற்காகக் கார் பேட்டரியின் தகடுகளை மெல்லியனவாகவும் எண்ணிக்கையில் மிகுதியாகவும் அமைக்கின்றனர். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் தகடுகள் தடித்தவை. மணிக்கணக்கில் நிதானமாக மின்சாரம் தருவதற்கானவை. கார் பேட்டரி நூறு மீட்டர் ஓட்டக்காரர் என்றால் இன்வெர்ட்டர் பேட்டரி மூட்டை சுமப்பவர். ஓட்டக்காரரை மூட்டை சுமக்கச் சொன்னால் என்ன ஆகுமோ அதுவே, எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டும் விளக்கும் போட்டு வைக்கும்போது கார் பேட்டரிக்கு ஆகிறது. முற்றிலும் காலியாகும்படி 12 முதல் 15 முறை இறக்கினாலே மெல்லிய தகடுகள் கொண்ட பேட்டரியின் ஆயுள் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மெல்லக் கொல்லும் சல்பேட்

பேட்டரி இளமையிலேயே சாவதற்குத் தலையாய காரணம், அது முழு மின்னேற்றம் பெறாமலே நாட்களைக் கழிப்பது. தகட்டில் புதிதாகப் படியும் ஈய சல்பேட் மென்மையான நுண்படிகம். உடனே மின்னேற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விடப்பட்டால் படிகங்கள் பெருத்து இறுகுகின்றன. இறுகிய படிகத்தை வழக்கமான மின்னேற்றம் கரைப்பதில்லை. அந்த அளவுக்குத் தகட்டின் பரப்பு வேலையிலிருந்து விலகிவிடுகிறது. 35 ஆம்பியர்-மணி என்று மேலே அச்சிடப்பட்ட பேட்டரி, உள்ளே 20 ஆம்பியர்-மணிக்காரராக மாறியிருக்கும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. விளக்கு எரியும், ஹாரன் ஒலிக்கும், ஒரு நாள் காலையில் செல்ஃப் மட்டும் எடுக்காது.

இந்த நிலையை முன்கூட்டியே அறிய ஒரு மல்டிமீட்டர் போதும். கார் ஓடி முடித்துச் சில மணி நேரம் ஓய்ந்த பின் அளந்தால், 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டும் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி. 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் கால் பங்குகூட இல்லை. அரை வோல்ட் வேறுபாடுதானே என்று தோன்றலாம். அந்த அரை வோல்ட்டுக்குள்தான் பேட்டரியின் முழு இருப்பும் அடங்கியிருக்கிறது. ஓய்வில் 12.4க்குக் கீழேயே நாள்தோறும் நிற்கும் பேட்டரியில் சல்பேட் இறுகிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

மூன்று கிலோமீட்டர் கணக்கு

ஒருமுறை ஸ்டார்ட் செய்வதால் பேட்டரி பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கணக்கு அதை ஏற்கவில்லை. 200 ஆம்பியர் வீதம் 2 நொடி என்றால் செலவு 0.11 ஆம்பியர்-மணி மட்டுமே. ஆல்டர்னேட்டரிடமிருந்து பேட்டரிக்கு 10 ஆம்பியர் உபரி கிடைத்தால் 40 நொடியில் அந்தக் கடன் தீரும். அப்படியானால் குறும்பயணத்தைக் குற்றம் சாட்டுவது ஏன்?

விடை இரண்டு பகுதிகளாக இருக்கிறது. முதலாவது, அந்த உபரி எப்போதும் கிடைப்பதில்லை. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனில் ஒரு பகுதியையே தரும். அதே வேளையில் முகப்பு விளக்குகள், குளிரூட்டியின் ஊதுவிசிறி, ரேடியேட்டர் விசிறி, துடைப்பான், இசைக்கருவி, கைப்பேசி மின்னேற்றி எல்லாம் பங்கு கேட்கின்றன. மழை பெய்யும் மாலைநேரத்தில் பழைய மெட்ராஸ் சாலையில் நிற்கும் காரில் இவை அனைத்தும் சேர்ந்து 30 ஆம்பியரைத் தொடுவது அரிதன்று. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் பேட்டரிக்கு எதுவும் மிஞ்சாத நிமிடங்கள் அவை. நெதர்லாந்தின் டாம்டாம் நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட போக்குவரத்துக் குறியீட்டில், பெங்களூருவின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 நொடி ஆனதாகக் குறிப்பிடப்பட்டது. உலக அளவில் லண்டனுக்கு அடுத்த இடம் அது. அந்த வேகத்தில் ஜோகுபாளையத்திலிருந்து எம்.ஜி. சாலை சுமார் 9 நிமிடப் பயணம். அதில் நல்ல பகுதி நிற்பதிலேயே கழியும்.

இரண்டாவது காரணமே முதன்மையானது. ஈய-அமில பேட்டரி முதல் 80 விழுக்காடு வரை மின்சாரத்தை விரைவாக ஏற்கும். கடைசி 20 விழுக்காட்டை மெல்ல மெல்லத்தான் உறிஞ்சும். அதற்குப் பல மணி நேரம் தேவை. குடத்தின் வாய் குறுகக் குறுக நீர் சொட்டு சொட்டாக இறங்குவதைப் போன்றது இது. ஆல்டர்னேட்டர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்த நேரத்தைச் சுருக்க முடியாது. ஆகவே 9 நிமிடம் போய், 9 நிமிடம் திரும்பும் கார், செலவிட்டதை ஒருவேளை ஈடுசெய்யலாம். முழு நிறைவை ஒருபோதும் எட்டாது. அந்தக் கடைசி 20 விழுக்காட்டுப் பகுதியில் சல்பேட் நிரந்தரமாகக் குடியேறுகிறது.

இதனால்தான் நாள்தோறும் ஓடும் வாடகைக் காரின் பேட்டரி, வீட்டு வாசலில் பளபளப்பாக நிற்கும் காரின் பேட்டரியைவிடச் சில வேளைகளில் நலமாக இருக்கிறது. தேவனஹள்ளி அருகே உள்ள கெம்பகவுடா பன்னாட்டு விமான நிலையத்துக்கு நகரிலிருந்து சீரான வேகத்தில் செல்லும் நெடும்பயணம் பேட்டரிக்குக் கிடைக்கும் விருந்து. ஆனால் அங்கே அடுத்த பயணிக்காக எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு கைப்பேசிகளும் பாட்டும் ஓடிக்கொண்டிருந்தால், வரும் வழியில் சேர்த்தது அங்கேயே கரைந்துவிடும். ஓட்டுநருக்கு ஒரு காலைப் பயணம் தவறுவது என்பது அன்றைய வருமானத்தில் பெரும் துண்டு விழுவதாகும்.

68 நாள் பாடம்

நிற்கும் காரிலும் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். பூட்டு, அபாய ஒலி, கடிகாரம், கணினிகளின் நினைவகம் ஆகியவை தூங்கும்போதும் சிறிது மின்சாரம் குடிக்கின்றன. 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பானது எனக் கொள்ளப்படுகிறது. 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. சிறிய பெட்ரோல் கார்களில் வழக்கமான 35 ஆம்பியர்-மணி பேட்டரி, வேறு எதுவும் செய்யாமலே சுமார் 24 நாளில் பாதியாகும். 49 நாளில் காலியாகும். பேட்டரி தானாகவே இழக்கும் மின்சாரம் இதில் சேரவில்லை. வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் அந்தத் தன்னிழப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

கொரோனா தொற்றைத் தடுக்க 2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கி, மே 31 வரை நான்கு கட்டங்களாக நீண்டது. மொத்தம் 68 நாட்கள். மேற்கண்ட கணக்கின்படி 49 நாளில் காலியாக வேண்டிய பேட்டரிகள், அதற்குப் பிறகும் வெற்றுவயிற்றுடன் நின்றன. ஊரடங்கு தளர்ந்தபோது நகரங்களில் கார்கள் கிளம்ப மறுத்ததற்கும், ஜம்பர் கேபிளுக்கும் பேட்டரிக் கடைக்கும் திடீரென மதிப்பு கூடியதற்கும் காரணம் இதுவே. அவற்றில் பல பேட்டரிகள் ஜம்பர் கேபிளால் உயிர்பெற்றன. ஆனால் முழுமையாக மீளவில்லை. இறுகிய சல்பேட்டின் விலையை அவை அடுத்த ஆண்டில் செலுத்தின. வீட்டிலிருந்தே பணிபுரியும் வழக்கம் தகவல் தொழில்நுட்பத் துறையில் நிலைபெற்றதால், அளவில் குறைந்த அதே பாடம் இன்றும் பல வாசல்களில் தொடர்கிறது.

அந்நாட்களில் கூறப்பட்ட 'வாரம் ஒருமுறை பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள்' என்ற அறிவுரை பாதி சரியானது. நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடுவதால் எண்ணெய்க்கு நன்மை உண்டு. பேட்டரிக்குக் கிடைப்பது மிகக் குறைவு. குளிரூட்டியையும் விளக்கையும் போட்டுக்கொண்டு ஓடவிட்டால் அதுவும் இல்லை. வாரம் ஒருமுறை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் சாலையில் ஓட்டுவதே பயன் தரும். மாதக்கணக்கில் ஊருக்குச் செல்வோர் எதிர்மின் முனையின் கம்பியைக் கழற்றிவைக்கலாம். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சிறிய மின்னேற்றியை இணைத்துவைப்பது அதைவிடச் சிறந்தது.

கசிவு இயல்புக்கு மேல் இருப்பதும் உண்டு. காரைத் தயாரித்த நிறுவனம் பொருத்தாத கேமரா, கூடுதல் ஒலிபெருக்கி, இருப்பிடங்காட்டும் கருவி ஆகியவற்றின் கம்பிகளைச் சாவியை எடுத்தாலும் மின்சாரம் பாயும் இணைப்பில் சொருகிவிடுவது வெளிக்கடைகளில் நடக்கும் எளிய தவறு. புதிய பேட்டரி போட்டும் ஒரு வாரத்தில் இறங்கிவிடுகிறது என்றால், பேட்டரியை மாற்றுவதை நிறுத்திவிட்டு இந்தக் கம்பிகளைத் தேட வேண்டும்.

குளிர்ச்சியான நகரிலும் வெப்பம்

வெப்பம் பேட்டரியைக் கொல்கிறது, குளிர் அதைக் காட்டிக்கொடுக்கிறது என்பர். கடும் பனியில் பேட்டரியின் திறன் பாதியாகக் குறைவதால் ஐரோப்பாவில் அது குளிர்காலச் சிக்கல். ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. மோட்டார் சங்கத்தின் அண்மை ஆண்டுப் புள்ளிவிவரங்களில், சாலையில் நின்றுபோன கார்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றுக்கு 12 வோல்ட் பேட்டரியே காரணம். தென்னிந்தியாவில் கதை வேறு. இங்கே பேட்டரி கோடையில் உள்ளுக்குள் அரிக்கப்படுகிறது. விளைவு தெரிவது சில மாதம் கழித்து.

தகடுகளைத் தாங்கும் ஈயச் சட்டகத்தின் அரிமானமும், அமிலத்திலுள்ள நீரின் இழப்பும் வெப்பத்தால் விரைவுபடுகின்றன. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் பொது விதி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரு, 2003 மே மாதத்தில் 45 டிகிரியைத் தொட்ட சென்னையோடு ஒப்பிட மிதமான நகர்தான். எனினும் 2016 ஏப்ரலில் இங்கும் 39.2 டிகிரி பதிவானது. அதைவிட முக்கியமானது எஞ்சின் அறைக்குள் நிலவும் வெப்பம். சீராக ஓடும் காரில் எதிர்க்காற்று அதைத் தணிக்கும். நெரிசலில் நிற்கும் காரில் காற்றோட்டம் இல்லாததால் வெளியே 30 டிகிரி இருக்கும்போதே உள்ளே 60 டிகிரியை எட்டக்கூடும். பல கார்களில் பேட்டரியைச் சுற்றித் துணி போன்ற உறையோ பிளாஸ்டிக் தடுப்போ இருப்பது இதற்காகவே. பேட்டரி மாற்றும்போது அதை வேண்டாத பொருளென்று கடையிலேயே விட்டுவருவது, புதிய பேட்டரியின் ஆயுளைக் கையோடு குறைப்பதாகும்.

ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தக் கட்டுப்பாடு பழுதானாலும் இதே விளைவுதான். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். புதிய கார்களில் கணினி இதைச் சற்று ஏற்றி இறக்கும். 15ஐத் தாண்டி நின்றால் நீர் கொதித்ததுபோல் வெளியேறும். பெட்டி உப்பும், அழுகிய முட்டை நாற்றம் வீசும். 13.5ஐ எட்டாவிட்டால் பேட்டரி பட்டினி கிடக்கும். இரண்டு நிலையிலும் புதிய பேட்டரி வாங்குவது வீண்செலவு.

நீர் ஊற்றும் வகை பேட்டரிகளில் அளவு குறைந்தால் தகட்டின் மேற்பகுதி காற்றுபட்டுக் கெடும். ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே, அமிலம் கூடாது. மின்கலத்துக்கான நீரின் தூய்மைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 1069 என்ற தனித் தரமே வகுத்துள்ளது. ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள குளோரைடும் இரும்பும் தகடுகளுக்குப் பகை. குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரும் தூசியும் உலோகத் துகளும் கலந்தது என்பதால் ஏற்றதன்று.

குலுங்கும் தகடுகள்

வேகத்தடைகளும் குழிகளும் நிறைந்த சாலையில், பேட்டரியை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தால், தகட்டின் பூச்சு உதிர்ந்து அடியில் படிகிறது. படிவு உயர்ந்து இரு தகடுகளைத் தொட்டால் அந்த அறை குறுக்குச்சுற்றாகிச் செத்துவிடும். ஆறில் ஒன்று செத்தால் பேட்டரி ஏறத்தாழ 10.5 வோல்ட்டில் நிற்கும். எவ்வளவு மின்னேற்றினாலும் பயனில்லை. முனைகளில் பூஞ்சைபோல் படரும் வெள்ளை, நீலப் பொடி வேறு வகைச் சிக்கல்: பேட்டரி நலமாக இருந்தும் மின்சாரம் வெளியே வராது, உள்ளேயும் போகாது. சுடுநீர் ஊற்றித் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவினால் தீர்ந்துபோகும் இந்தக் கோளாறுக்காகப் புதிய பேட்டரி வாங்கியவர்கள் குறைவல்லர்.

கடையில் தொடங்கும் முதுமை

பேட்டரி தயாரிக்கப்பட்ட நாளிலிருந்தே வயதாகத் தொடங்குகிறது. அலமாரியில் மின்னேற்றம் இன்றி ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது, விற்பனை நாளிலேயே சல்பேட் படிந்ததாக இருக்கலாம். தயாரிப்பு மாதமும் ஆண்டும் பெட்டியின் மீது எழுத்தாகவோ குறியீடாகவோ பொறிக்கப்பட்டிருக்கும்; அதைப் படித்துக் காட்டுமாறு கேட்பது வாங்குபவரின் உரிமை. உத்தரவாதத்தின் 'மொத்த மாதம்' என்ற பெரிய எண்ணைவிட, அதில் எத்தனை மாதம் இலவச மாற்று, எத்தனை மாதம் விகிதக் கழிவு என்பதையே பார்க்க வேண்டும். பிற்பாதியில் கிடைப்பது தள்ளுபடி மட்டுமே.

சிக்னலில் தானாக அணைந்து, மிதியை எடுத்தால் தானாகக் கிளம்பும் கார்களுக்கு, அதற்கென வலுவூட்டிய பேட்டரி தேவை. விலை குறைவென்று சாதாரண பேட்டரியைப் பொருத்தினால் நாளொன்றுக்குப் பல பத்து முறை நிகழும் ஸ்டார்ட்டை அது தாங்காது. இவ்வகையில் காலத்துக்கு முன் இறக்கும் பேட்டரிகளுக்குத் தயாரிப்பாளரைக் குறை கூற முடியாது.

மின்சாரக் கார் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை ஒழிந்தது என்று எண்ணுவோரும் உண்டு. பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் கதவு, கணினி, விளக்கு ஆகியவற்றுக்கு அதே 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது இறங்கினால், அடியில் உள்ள பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் எழாது. 12 வோல்ட் பேட்டரிக்கு மின்னேற்றும் கட்டுப்பாட்டுக் கருவியில் கண்ட குறைபாட்டுக்காக 2024 ஜூன் மாதத்தில் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களையும், அடுத்த மாதம் கியா நிறுவனம் 1,138 இ.வி. 6 கார்களையும் திரும்ப அழைத்தன.

உண்மையிலேயே செத்ததா?

மாற்றப்படும் பேட்டரிகள் எல்லாம் செத்தவை அல்ல என்பது இத்துறையின் சங்கடமான உண்மை. ஜெர்மனியின் சொகுசுக் கார் நிறுவனம் ஒன்றுக்கு உத்தரவாதத்தின்கீழ் திரும்பிய 400 பேட்டரிகளில் 200 நன்றாக வேலை செய்தன என்று, கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் நடத்தும் பேட்டரிக் கல்வித் தளம் பதிவு செய்துள்ளது. அவற்றுக்குத் தேவைப்பட்டது முழு மின்னேற்றம் மட்டுமே.

எனவே கடையில் முதலில் கேட்க வேண்டியது, பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டுச் சோதிக்க முடியுமா என்பது. இறங்கிய பேட்டரியைச் சோதிக்கும் கருவி, 'மாற்றவும்' என்று சொல்வதில் வியப்பில்லை. நிறைந்த பேட்டரியில் சுமை வைக்கும்போது மின்னழுத்தம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அது தளர்ந்துவிட்டது என்பது நீண்டகால அளவுகோல். நீர் ஊற்றும் வகையில் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். ஐந்து அறைகள் ஒன்றுபோலவும் ஒன்று மட்டும் தாழ்ந்தும் இருந்தால் அந்த அறை முடிந்தது. மேற்பரப்பில் பச்சை தெரியும் சிறு கண்ணாடிக் கண் ஆறு அறைகளில் ஒன்றின் நிலையை மட்டுமே காட்டுகிறது. பச்சையைப் பார்த்து மற்ற ஐந்தும் நலம் என்று முடிவு கட்டலாகாது.

அருகிலிருக்கும் காரிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது, சிவப்புக் கேபிளை முதலில் இறங்கிய பேட்டரியின் நேர்முனையிலும் பிறகு நல்ல பேட்டரியின் நேர்முனையிலும், கறுப்பை நல்ல பேட்டரியின் எதிர்முனையிலும் மாட்டி, கடைசி முனையை இறங்கிய காரின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரிக்குத் தள்ளி இணைக்க வேண்டும். கடைசி இணைப்பில் எழும் தீப்பொறி, பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜனைத் தொடக்கூடாது என்பதே காரணம். காற்றில் 4 விழுக்காடு இருந்தாலே ஹைட்ரஜன் வெடிக்கும், சிதறுவது அமிலம்.

பழைய பேட்டரி போகுமிடம்

இந்தியப் பேட்டரித் தொழிலின் இரு பெருநிறுவனங்கள் பெங்களூருவுக்கு அருகிலேயே இருக்கின்றன. எக்ஸைடு நிறுவனத்தின் ஆலைகளில் ஒன்று ஓசூரில். அமர ராஜா நிறுவனத்தின் தாயகம், பழைய மெட்ராஸ் சாலை வழியே கோலார், சித்தூர் தாண்டிச் சென்றால் வரும் திருப்பதி. ஈயம் ஏறத்தாழ முழுமையாக மறுசுழற்சி செய்யக்கூடிய உலோகம் என்பதால் பழைய பேட்டரிக்கு எப்போதும் விலை உண்டு. அந்த விலையே ஆபத்தையும் கொண்டுவருகிறது. உரிமமற்ற பட்டறைகளில் பெட்டியை உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் கொட்டி, ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்குகின்றனர். புகையும் தூசியும் சுற்றுப்புறக் குழந்தைகளின் இரத்தத்தில் சேர்கின்றன. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. யுனிசெஃப், பியூர் எர்த் அமைப்புகள் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. இந்தியாவில் மட்டும் அத்தகைய குழந்தைகள் 27.5 கோடி. முறையற்ற பேட்டரி மறுசுழற்சி அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டப்பட்டது.

2001ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக மத்திய அரசு 2022 ஆகஸ்டு மாதத்தில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளை அறிவித்தது. பழைய பேட்டரிகளைத் திரட்டி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும் பொறுப்பு அவற்றின்படி தயாரிப்பாளரைச் சார்ந்தது. வாங்குபவர் செய்ய வேண்டியது சிறிது: பழையதைத் தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரிக்குச் சில நூறு ரூபாய் கூடுதலுக்காகக் கொடுக்காமல், புதியது வாங்கும் கடையிலேயே ஒப்படைத்து, அதற்குக் கழிக்கப்பட்ட தொகையை ரசீதில் தனியே எழுதி வாங்கிக்கொள்ளலாம். உத்தரவாத அட்டையில் விற்பனை நாளும் பேட்டரியின் வரிசை எண்ணும் குறிக்கப்பட்டுள்ளனவா என்பதையும் அதே வேளையில் சரிபார்ப்பது நல்லது. அவை இல்லாத அட்டையைக் கொண்டு பின்னர் மாற்று கோருவது கடினம்.